நியூயார்க் குயின்ஸில் புதுப்பித்த டூ ஃபேமிலி செங்கல் வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வாங்கலாம். ஆனால் புதுச் சமையலறையைப் பார்த்து மயங்கி விலை பேசாதீர்கள். நான் குயின்ஸின் ரிட்ஜ்வுட் பகுதியில் இப்படி ஒரு வீட்டில் கீழே குடியிருக்கிறேன், மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்துச் செங்கல் வீடுகளில் பாதிக்கு மேல் நூறு வயதைத் தாண்டியவை. குவார்ட்ஸ் மேடை, சாம்பல் நிறத் தரையெல்லாம் சில வாரத்தில் போட்டுவிடலாம்.

முதலில் நகராட்சியின் சொத்துப் பத்திரப் பதிவுகள் இருக்கும் ஏக்ரிஸ் (ACRIS) இணையதளத்தில் முகவரியைப் போடுங்கள். விற்பவர் எப்போது, என்ன விலைக்கு வாங்கினார் என்று காசு கொடுக்காமலே தெரிந்துவிடும். ஆறு மாதம் முன்பு வாங்கியவர் என்றால் அங்கே குடியிருக்க வாங்கவில்லை. மழைக்கு எங்கே ஒழுகும் என்று அவருக்கே தெரியாது. எஃப்ஹெச்ஏ கடனில் (அமெரிக்க அரசு காப்பீடு தரும் வீட்டுக்கடன்) வாங்குவதாக இருந்தால், அவர் வாங்கி 90 நாள் ஆகுமுன் போடும் ஒப்பந்தத்துக்குப் பொதுவாகக் கடன் கிடைக்காது.

அப்புறம் கட்டடத் துறையின் பதிவுகள். கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சான்றிதழான சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆக்குபன்சியில் இரண்டு குடும்பம் என்று இருக்கிறதா பாருங்கள். 1938-க்கு முன் கட்டிய வீட்டுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமலும் இருக்கலாம், பயப்பட வேண்டாம். அப்படிப் பயன்படுத்த ஆட்சேபணை இல்லை என்று துறை தரும் 'லெட்டர் ஆஃப் நோ அப்ஜெக்‌ஷன்' கேளுங்கள். புதுக் குளியலறை இரண்டு வந்திருக்கிறது, பெர்மிட் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். அந்தத் தலைவலி வீட்டோடு சேர்ந்து உங்களிடம் வரும்.

பேஸ்மென்ட்டைத் தனி வாசலோடு அழகாக முடித்து வைத்திருப்பார்கள். புரோக்கர் குரலைத் தாழ்த்தி, இதிலும் வாடகை பார்க்கலாம் என்பார். அந்த வாடகையைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். உயரத்தில் பாதிக்கு மேல் தெருமட்டத்துக்குக் கீழே போனால் சட்டத்தின் கணக்கில் அது பேஸ்மென்ட்கூட இல்லை, செல்லர் (cellar), அதாவது நிலவறை. 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் இந்த நகரத்தின் பேஸ்மென்ட் வீடுகளில் மட்டும் 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குயின்ஸில். அனுமதியில்லாமல் ஆளைக் குடிவைத்து அந்தப் பணத்தில் கடன் கட்ட எனக்கு மனசு வராது.

இனி செங்கல். முன்பக்கம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் பின்கட்டுக்குப் போங்கள். பழைய வீடுகளில் செங்கல்லும் மென்மை, சுண்ணாம்புச் சாந்தும் மென்மை. சுவருக்குள் போன ஈரம் அந்தச் சாந்து வழியாக வெளியே வந்துவிடும். அவசரத்துக்குப் புதுப்பிப்பவர்கள் இடுக்குகளில் கெட்டி சிமெண்டைத் திணித்துவிடுவார்கள். ஈரம் கல்லிலேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். ஜன்னலுக்கு மேலே இருக்கும் இரும்பு விட்டம் துருப்பிடித்து உப்பியிருக்கிறதா, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். செங்கல் மேல் புது பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சில வீடுகளில் முன்பக்கம் மட்டும்தான் செங்கல், பின்னால் முழுக்க மரச்சட்டம். அதற்குச் செங்கல் வீட்டு விலை கொடுக்காதீர்கள்.

புதுப்பித்த வீட்டுக்குக் கேட்கும் விலையில், புதுப்பிக்காத வீட்டை வாங்கி நாமே ஆள் வைத்துச் செய்வது மேல் என்பது என் கட்சி. என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை.

பணத்தில் ஒன்று மட்டும். விலை பத்து லட்சம் டாலரைத் தொட்டால் மொத்தத்துக்கும் 1 சதவீதம் மேன்ஷன் டாக்ஸ் என்ற மாநில வரி, வழக்கமாக வாங்குபவர் தலையில். 10,05,000 என்று சொன்னால் 9,99,000-க்கு இறங்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.