கயாக்கில் கடலுக்குள் போய்த் தூண்டில் போட லைஃப் ஜாக்கெட் மட்டும் போதுமா?

கேள்வி: எண்ணூர் பக்கம் கயாக்கில் இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே போய்த் தூண்டில் போட ஆசை. நீச்சல் நன்றாகத் தெரியும். லைஃப் ஜாக்கெட் வாங்கிவிட்டேன். வேறு என்ன வேண்டும்? மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் கருவி வாங்கலாமா?

பதில்: "நீச்சல் நன்றாகத் தெரியும்" என்ற வரியைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நானும் அதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்தவன். அப்பா முப்பது வருஷம் கட்டுமரத்தில் போனவர். நான் படித்து ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் கடல் விடவில்லை. சீட்டு எடுத்த பணத்தில் கயாக் வாங்கினேன். உங்களுக்கு முட்டுக்காடு மாதிரி அலையில்லாத உப்பங்கழியில் வாடகைக் கயாக் ஓட்டிய பழக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். கைக்குத் தெம்பு வர அது உதவும். அதற்குமேல் அதை நம்பாதீர்கள்.

2022 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்தேகாலுக்கு இறங்கினேன். கடல் குளம் மாதிரி கிடந்தது. இங்கேதான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுவார்கள், உள்ளூர்க்காரன் நானும் ஏமாந்தேன். ஆனி, ஆடியில் காலையில் அடிப்பது கச்சான், அதாவது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் மேற்குக் காற்று. அது கரையோர அலையை அமுக்கிவைத்துவிடும். கரையில் நின்று பார்த்தால் இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று தோன்றும். உள்ளே போகப் போக, கரையின் மறைப்பு விலக விலக, காற்றும் அலையும் ஏறிக்கொண்டே வரும். போகும்போது முதுகைத் தள்ளிவிடுவதால் துடுப்பு போடுவதே தெரியாது.

தூண்டிலை இழுத்துக்கொண்டே போனேன். ஒரு சீலா மாட்டியது. அதைத் தூக்கக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தேன், அவ்வளவுதான், கவிழ்ந்துவிட்டது. மடியில் குறுக்கே வைத்திருந்த துடுப்பு கயிறு கட்டாததால் போய்விட்டது. லைஃப் ஜாக்கெட் எங்கே இருந்தது தெரியுமா? வியர்க்கிறது என்று கழற்றி, பின்னால் எலாஸ்டிக் கயிற்றில் செருகியிருந்தேன். தண்ணீரில் மிதந்துகொண்டே ஒரு ஜாக்கெட்டை மாட்டிப் பாருங்கள். ஒரு கையை நுழைத்தால் மற்றது முகத்துக்கு மேல் வந்து நிற்கும். மாட்ட இரண்டு கையும் வேண்டும். ஆனால் ஒரு கை கயாக்கைப் பிடித்திருக்க வேண்டும், விட்டால் போச்சு. ஆளில்லாத கயாக் காற்றில் நகரும் வேகத்துக்கு யாராலும் நீந்திப் பிடிக்க முடியாது. என் நீச்சல் எதற்கும் உதவாமல் போனது இந்த இடத்தில்தான்.

கயாக்கை நிமிர்த்திவிட்டேன். பக்கவாட்டில் கையை ஊன்றி மாடிச் சுவர் ஏறுகிற மாதிரி ஏறப் பார்த்தேன். மூன்று முறை என் மேலேயே கவிழ்ந்தது. நான்காவது முறை தோள் தூக்கவே இல்லை. போன் கழுத்தில் பிளாஸ்டிக் பையில் தொங்கியது, சிக்னலும் காட்டியது. ஆனால் ஈர விரலுக்கும் உப்புத் தண்ணீர் வழியும் பைக்கும் தொடுதிரை அசையவில்லை. கரையில் அலை உடையும் வெள்ளைக் கோடு எப்போதோ மறைந்திருந்தது. வடக்கே அனல் மின் நிலையப் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. மத்தியானம் கடல்காற்று திரும்பினால் கரைக்குத் தள்ளிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கச்சான் வலுத்த நாளில் கடல்காற்று சாயங்காலம்வரை வராமல் இருப்பதும் உண்டு, சில நாள் வரவே வராது. இது தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

போட்ட வலையை இழுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் போட்டுக்காரர்கள் தூக்கினார்கள். அதில் இருந்த பெரியவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா தம்பி, நீலக் கடல்ல நீலக் கலர்ல போய்னுகீற, எவன் கண்ணுக்குத் தெரியும்?" என் கயாக் நீலம், சட்டையும் நீலம். எனக்காக அவர்கள் வரவில்லை. பக்கத்தில் மிதந்த தெர்மாகோல் பெட்டியைக் கலைந்துபோன வலையின் மிதவை என்று நினைத்துத்தான் திரும்பியிருக்கிறார்கள்.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கயாக்கை எடு என்றார். கழுத்தளவு ஆழத்தில் நிறுத்தி, "ஏறாத. நீஞ்சிப் போய் அதும்மேல படு" என்றார். மொத்த வித்தையும் அதுதான். கயாக்கின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கால் இரண்டும் பின்னால் தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை உதைக்க வேண்டும். உடம்பு படுக்கையானதும் ஒரே உதையில் முன்னால் வழுக்கி, வயிற்றைக் குறுக்கே போட வேண்டும். அப்புறம் புரண்டு, முதலில் இடுப்பு, கடைசியில் கால். கால் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போது கையால் இழுத்தால் கவிழத்தான் செய்யும். கட்டுமரத்தில் ஏறுவதும் இப்படித்தானாம். இத்தனை வருஷம் அவரிடம் நான் இதைக் கேட்கவே இல்லை. ஜாக்கெட்டோடு பத்து முறை, பிறகு காலெட்டாத ஆழத்தில் பத்து முறை. இதைச் செய்யாமல் உள்ளே போகாதீர்கள்.

"மீனவர்கள் யாரும் ஜாக்கெட் போடுவதில்லையே" என்று இதற்குக் கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். அவர்கள் போட்டில் மூன்று நான்கு பேர், சுற்றிலும் சொந்தக்காரர்கள் போட்டு, கூப்பிட்டால் கேட்கும் தூரம். நீங்களும் நானும் தனி ஆள். அதோடு, அவர்கள் போடாததால் எத்தனை வீட்டில் விளக்கு அணைந்தது என்று குப்பத்தில் கேட்டுப் பாருங்கள். நான் யார் தொழிலையும் குறை சொல்லவில்லை.

நீங்கள் வாங்கிய ஜாக்கெட்டின் உள்பக்கம் பாருங்கள். 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) என்று இருந்தால் அது கரைக்கும் உதவிக்கும் பக்கத்தில் இருக்கும் நீச்சல் தெரிந்தவருக்கான மிதவை உதவிதான், மயங்கினால் முகத்தை மேலே திருப்பாது. 100-க்கு மேல் இருப்பது நல்லது, ஆனால் துடுப்பு போட இடைஞ்சலாக இருந்தால் கழற்றிவிடுவீர்கள், ஆகவே போட்டுப் பார்த்து வாங்குங்கள். எதுவானாலும் உடம்பில் இருக்க வேண்டும். எனக்கு விற்ற கடைக்காரர் குழந்தைகள் நீச்சல் குளத்துக்கு வாங்குவதையே "கடலுக்கும் ஓகே சார்" என்று தள்ளிவிட்டார். பெயர் வேண்டாம்.

துடுப்புக்குக் கயிறு கட்டுங்கள். விசில், கத்தி, முள் அறுக்கும் கட்டர் மூன்றும் ஜாக்கெட் பையில் இருக்கட்டும், கயாக்கில் வைத்தால் கயாக்கோடு போய்விடும். ஆரஞ்சு கொடி ஒன்று, ஆள் உயரக் கம்பில். தண்ணீர் இரண்டு லிட்டர். நங்கூரம் முதல் வருஷம் வேண்டாம், பக்கவாட்டில் கட்டி நீரோட்டம் இழுத்தால் கவிழ்த்துவிடும். கப்பல் நிற்கும் பக்கமும் துறைமுக வாய்ப் பக்கமும் தலைவைக்காதீர்கள். அவ்வளவு உயரத்திலிருந்து கயாக் கண்ணில் படாது, பட்டாலும் கப்பலால் சட்டென்று நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் இறங்கவே வேண்டாம். முந்தின இரவு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை, காற்று முன்னறிவிப்பையும் கள்ளக்கடல் (தூரத்திலிருந்து திடீரென்று வந்து ஏறும் பெரிய அலை) எச்சரிக்கையையும் பாருங்கள். காலையில் அதற்கு மேல் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடமும் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கயாக்கில் உட்கார்ந்தால் கண் தண்ணீருக்கு மேல் இரண்டரை அடி உயரத்தில்தான். மூன்று கிலோமீட்டர் தாண்டினாலே கரையின் வெள்ளைக் கோடு மறைந்துவிடும். மறைய ஆரம்பித்ததும் திரும்புங்கள். கச்சான் நாளில் அதில் பாதிகூட வேண்டாம்.

எங்கே கரையேறுவது என்பதையும் முன்பே பார்த்து வையுங்கள், ஏனென்றால் வடசென்னையில் கரை என்று ஒன்று மிச்சமில்லை. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்ததால் மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை எங்கள் பக்கம் கடல் தின்றது. எங்கள் ஆயா வீடு இருந்த தெருவே இப்போது தண்ணீரில். தடுக்கக் கொட்டிய கருங்கல்தான் கிலோமீட்டர் கணக்கில் கிடக்கிறது. அலையோடு அதில் போய் மோதினால் கயாக்கும் மிஞ்சாது, காலும் மிஞ்சாது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் வந்தபோது இதே கல் இடுக்கில்தான் பக்கெட்டால் அள்ளினோம். கையெல்லாம் கருப்பாகி வாரக்கணக்கில் அரித்தது. மீனை வாங்க ஆளில்லை. அப்போது மெரினா பக்கத்திலிருந்து எத்தனை பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள்? சரி, அது வேறு கதை. மணல் உள்ள இடைவெளிகள் எவை என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், இறங்கும் இடம் ஒன்று, அதற்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று.

வீட்டில் ஒருவரிடம் நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். நான் என் மனைவியிடம் எழுதியே கொடுக்கிறேன்: எட்டரைக்குள் போன் வராவிட்டால் முதலில் குப்பத்தில் சொல், உடனே கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. எங்கே இறங்கினேன், எந்தப் பக்கம் போனேன், கயாக் என்ன நிறம் என்பதும் அதே சீட்டில் இருக்கும். இப்போது மஞ்சள் நிறம்.

ஃபிஷ் ஃபைண்டர் இந்த வருஷம் வாங்காதீர்கள். அந்தக் காசில் நல்ல ஜாக்கெட்டும், தண்ணீர் புகாத கையடக்க ஜி.பி.எஸ். ஒன்றும் வாங்கலாம். மீன் இருக்கும் இடம் கடல்காக்கை கூட்டமாக இறங்குவதிலேயே தெரிந்துவிடும்.