பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தீர்களா?

நான்கு இருக்கை கொண்ட சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி பெங்களூரு வாசகர்களிடமிருந்து பல கடிதங்கள் வந்திருந்தன. அவற்றில் சிலவற்றைச் சுருக்கி இங்கே பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: 2012-இல் பதிவான போர்ஷே பனமேரா ஒன்று விலைக்கு வருகிறது. என் கணவர் அதைக் "கூன் விழுந்த கார்" என்கிறார். அவருடைய அண்ணனோ, உள்ளே இவ்வளவு தாராளமாக இடம் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் வேறு கிடைக்காது என்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. யார் சொல்வது சரி? (வாசகி, அல்சூர்)

பதில்: உங்கள் கணவரின் கண்ணில் பட்டது உண்மைதான். 2009-இல் ஷாங்காயில் அறிமுகமானபோதே அந்தக் காரின் பின்பக்கம் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. ஆனால் அந்தக் கூன் கவனக்குறைவால் வந்ததல்ல. அதே நிறுவனத்தின் 911 காரில் கூரை, ஓட்டுநரின் தலையைத் தாண்டியதுமே சரியத் தொடங்கிவிடும். பனமேராவிலோ பின்னால் இரண்டு பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காகக் கூரையைப் பின் இருக்கை வரைக்கும் உயரமாகவே கொண்டுபோய், அதன் பிறகு இறக்கினார்கள். 2016-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 30 மில்லிமீட்டர் கூட்டி, கூரையின் பின்பகுதியைச் சற்றுத் தாழ்த்தி, அந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்தார்கள். ஏறக்குறைய முதல் பனமேராவின் காலத்திலேயே வந்த ஆஸ்டன் மார்ட்டின் ரேபிட் என்ற கார் இதற்கு நேர்மாறான வழியில் போனது. அதன் பக்கவாட்டுக் கோடு இன்றும் கண்ணை நிறுத்துகிறது. ஆனால் அதன் பின் இருக்கையில் வளர்ந்த ஒருவர் நீண்ட நேரம் உட்கார முடியாது. நான்கு பேருக்கான கார் என்று விற்கப்படும் ஒன்றில் நான்கு பேரும் உட்கார முடிய வேண்டும் என்று நினைப்பவன் நான். ஆகவே அந்தக் கூனை மதிக்கிறேன்.

இதை நான் அனுபவத்தால் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு கதவுகள் கொண்ட பழைய கூப்பே ஒன்றை, முன் இருக்கையில் மட்டும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து வாங்கினேன். என் தாயாரால் ஒரு நாள்கூடப் பின்னால் ஏற முடியவில்லை. ஓராண்டுக்குள் பெரும் நட்டத்துக்கு விற்றேன்.

உங்கள் மாமியாரை நேரில் அழைத்துச் சென்று, இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். இருக்கை தாழ்வானது என்பதால், பிறர் கை கொடுக்காமல் அவரால் எழ முடிகிறதா என்பதே முக்கியம். அந்த வண்டியின் 15 ஆண்டுப் பதிவு 2027-இல் முடிகிறது என்பதையும், அதன் பிறகு தகுதிச் சோதனை, பசுமை வரி ஆகியவற்றுடன் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் விலை பேசும்போது மறக்காதீர்கள். காற்று சஸ்பென்ஷன் (காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) இருந்தால் வண்டியை ஓர் இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் ஏதாவது ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சிவப்பா, சாம்பலா? எதற்கு மறுவிற்பனை மதிப்பு அதிகம்? (ஜெயநகர்)

பதில்: பிடித்த நிறத்தை வாங்கி, சர்வீஸ் ரசீது ஒன்றுகூட விடாமல் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: நண்பரின் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்தால் வரியில் பல லட்சம் மிச்சமாகுமாம். வண்டி இந்திராநகரில்தான் நிற்கும். செய்யலாமா? (வாசகர், இந்திராநகர்)

பதில்: செய்யக்கூடாது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் குடியிருக்காத முகவரியைக் கொடுப்பது பொய்ச் சான்று. ஒரு கோடிக்கு மேல் கார் வாங்க முடிந்தவர், அது நாள்தோறும் ஓடும் சாலைக்கான வரியைக் கட்ட முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: எக்ஸ்-ஷோரூம் விலைக்கும் (பதிவும் காப்பீடும் சேராதது) ஷோரூமில் எழுதிக் கொடுத்த ஆன்-ரோடு விலைக்கும் இடையே முப்பது லட்சத்துக்கும் மேல் வித்தியாசம் இருக்கிறது. இது நியாயமா? (வாசகர், ஒயிட்ஃபீல்டு)

பதில்: ஒரு பகுதி நியாயம். அந்தத் தாளில் எதைக் கட்ட வேண்டும், எதைக் கட்டத் தேவையில்லை என்பதைப் பலர் பிரித்துப் பார்ப்பதே இல்லை. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே வரிகள் அடங்கியிருக்கின்றன. முழுதாகக் கட்டப்பட்டு இறக்குமதியாகும் இத்தகைய கார்களுக்குச் சுங்க வரியும் செஸ் என்ற கூடுதல் வரியும் பெரிய தொகை. அதன் மேல் 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜி.எஸ்.டி. வருகிறது. அதாவது நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு காரின் தரத்துக்கானதே அல்ல. ஜெர்மனியில் ஒருவர் கொடுக்கும் விலையை வைத்து "இது மதிப்புள்ள கார்தானா" என்று இங்கே வாதாடுவது வீண். அடுத்தது, பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் கர்நாடகத்தின் வாழ்நாள் வரி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் உண்டு; இதைத் தவிர்க்க முடியாது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் பிடிக்கும் 1 சதவீத டி.சி.எஸ். (விற்பவர் வாங்குபவரிடம் முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகும். அதைக் கோராமல் விட்டுவிடாதீர்கள்.

காப்பீட்டை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. வெளியே மூன்று இடங்களில் விலை கேளுங்கள். "ஹேண்ட்லிங்" என்றும் "எசென்ஷியல் கிட்" என்றும் ஒரு தொகை எழுதியிருந்தால், அதை எந்த விதியின்படி கேட்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அரசுக்குப் போகாத, நீங்கள் கேட்காத எந்தத் தொகையையும் கட்டாதீர்கள். ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம் பத்து ரூபாய்க்காக வாதாடுகிற நாம், கண்ணாடிச் சுவருக்குள் காபி கொடுத்துவிட்டு நீட்டப்படும் தாளில் வாசிக்காமலே கையெழுத்திடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

கேள்வி: பதினான்கு மாதங்களுக்கு முன், பழைய கார் வியாபாரி ஒருவரிடம் 46 லட்சத்துக்கு ஒரு நான்கு இருக்கை கூப்பே வாங்கினேன். மின்சாதனங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. இருக்கைக்கு அடியில் வண்டல் படிந்திருப்பதாகவும், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றும் சர்வீஸ் மையத்தில் சொல்கிறார்கள். "உள்ளது உள்ளபடி" என்று நான் கையெழுத்திட்டிருப்பதாக வியாபாரி சொல்கிறார். என் சேமிப்பு முழுவதும் போயிற்று. (வாசகி, சர்ஜாபூர் சாலை)

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் யமலூர், பெல்லந்தூர்ப் பக்கம் விலையுயர்ந்த கார்கள் கூரைவரை நீரில் நின்றதை இந்த நகரமே பார்த்தது. ஓடோமீட்டர் குறைத்து வைக்கப்பட்ட காரை வாங்கி நானும் ஏமாந்திருக்கிறேன். அப்போது வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்ததுதான் நான் செய்த பெரிய பிழை.

சர்வீஸ் மையத்திடம் புகைப்படங்களுடன் எழுத்து அறிக்கை வாங்குங்கள். பழைய பாலிசியின் எண்ணைக் கொண்டு, வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கோரப்பட்டதா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். பிறகு வியாபாரிக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கிடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் வசிப்பிடத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக் கெடு உண்டு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். தெரிந்தே மறைத்த குறையை "உள்ளது உள்ளபடி" என்ற சொற்கள் காப்பாற்றும் என்று அஞ்ச வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்றே பேசுங்கள்.

கேள்வி: படத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டேன். இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. எங்கள் தெரு வேகத்தடையில் அடி தட்டுமா? (வாசகர், கோரமங்களா)

பதில்: பணம் கட்டிய பிறகு கேட்கும் கேள்வியா இது? நாளையே ஓட்டிப் பார்க்க வண்டி கேட்டு வாங்கி, நான்கு பேரை ஏற்றி, உங்கள் தெருவில் ஓட்டுங்கள். தட்டினால் முன்பணத்தை எழுத்தில் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: "ஜீரோ டெப்" காப்பீடு எடுத்தால் போதுமல்லவா? (வாசகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

பதில்: போதாது. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருவதுதான் "ஜீரோ டெப்". தேங்கிய நீரில் ஓட்டி என்ஜினுக்குள் நீர் புகுந்தால், என்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை இல்லாமல் பணம் கிடைப்பது கடினம். காப்பீட்டு மதிப்பில் வாழ்நாள் வரி சேராது. வண்டி திருடு போனால் அந்த வரித் தொகையும் கையைவிட்டுப் போகும். காரின் ரசீது விலையைத் திருப்பித் தரும் "ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்" சேர்க்கையையும் கேட்டு, அதில் வரியும் அடங்குமா என்று பாலிசித் தாளில் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.