மருத்துவர் பதில்: எடை 88 கிலோ, ஹீமோகுளோபின் 9.1

முடி கொட்டுகிறது, நகம் உடைகிறது, ஐஸ்கட்டி மெல்லத் தோன்றுகிறது என்று எழுதி, ரத்தசோகையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் அனுப்பியிருக்கிறீர்கள். ரத்தப் புற்றுநோய் என்ற வார்த்தையை உங்கள் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. ஆனால் ரிப்போர்ட் நகலில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) 4,80,000 என்ற இடத்தைச் சுற்றி இரண்டு தடவை வட்டம் போட்டு, "இது வேறு ஏதாவதாக இருக்குமோ டாக்டர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ராத்திரி உட்கார்ந்து இணையத்தில் தேடியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. வெள்ளை அணுக்கள் எண்ணிக்கையிலும் வகையிலும் சரியாக இருக்கின்றன. சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருக்கின்றன, வெளிறியிருக்கின்றன. இரும்புச்சத்து குறைந்தால் அப்படித்தான் ஆகும். தட்டணுக்கள் கொஞ்சம் ஏறுவதும் அதே குறைபாட்டில் அடிக்கடி பார்ப்பதுதான். இரும்பு ஏறினால் அது தானாக இறங்கிவிடும்.

நான் நிறுத்திப் படித்தது வேறொரு வரியை. முடி கொட்டுவதற்கும் நகம் உடைவதற்கும் நடுவே, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதம் வராது. வந்தால் 12 நாள் கட்டி கட்டியாகப் போகும். எடை போட்டதிலிருந்தே இப்படித்தான், பழகிவிட்டது."

இது பழகிக்கொள்ளும் விஷயம் இல்லை. உங்கள் ரத்தசோகைக்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நீங்கள் மருத்துவரிடம் ஓட வேண்டிய காரணமும் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். இயல்பான ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனாலே அதிகப்படியான ரத்தப்போக்கு என்கிறோம். உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, நடுராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது, 12 நாள் நீடிக்கிறது. 80 மில்லியைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். 200 மில்லி என்று வைத்தால்கூட 100 மில்லிகிராம் இரும்பு போய்விட்டது. குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ ஒன்று, இரண்டு மில்லிகிராம். இழந்ததை ஈடுகட்டவே இரண்டு மூன்று மாதம் வேண்டும், அதற்குள் அடுத்த போக்கு வந்துவிடுகிறது.

இதற்கும் எடைக்கும் என்ன தொடர்பு? நீங்கள் 156 செ.மீ. உயரம். அதற்கு 88 கிலோ என்றால் உடல் நிறை குறியீடு 36, உடல் பருமன் என்கிற அளவு. கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கருமுட்டை ஒழுங்காக வெளிவராத மாதங்களில் அதைச் சமன்செய்யும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சுரப்பதில்லை. கருப்பையின் உட்சவ்வு மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போய், ஒருநாள் தாங்காமல் கண்டபடி உதிர்கிறது. நீங்கள் பார்க்கும் ரத்தக் கட்டிகள் அப்படி வருபவைதான். இது பல வருடம் இப்படியே ஓடினால் சவ்வின் செல்கள் மாறத் தொடங்கலாம். சிலருக்கு அது கருப்பைப் புற்றுநோயில் போய் முடிகிறது. உங்கள் 34 வயதில் அதற்கு வாய்ப்பு குறைவு. ஆனால் எடையும் இந்த ஒழுங்கற்ற போக்கும் சேர்ந்திருக்கும்போது வயதைக் காட்டி விட்டுவிடக் கூடாது. மாறத் தொடங்கிய கட்டத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஹார்மோன் சிகிச்சையிலேயே சரிசெய்துவிடலாம், கருப்பையை எடுக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். "அதற்கு வாய்ப்பே இல்லை" என்று வாதாடாதீர்கள். இந்த வயதில் ஒழுங்கற்ற போக்கு என்றால் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. பிறகு தைராய்டு, சர்க்கரை, ஸ்கேன். உட்சவ்விலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் மறுக்காதீர்கள். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு எடுப்பார்கள், சில நிமிட வேலை. மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது, அடிவயிறு சுருக்கென்று இழுக்கும், அவ்வளவுதான். போன வருடம் பாப் ஸ்மியர் நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் அது கருப்பை வாய்க்கான சோதனை. உட்சவ்வைப் பற்றி அதை நம்பி எதுவும் சொல்ல முடியாது.

அடுத்து நீங்கள் செய்த காரியம். தோழியின் பழைய சீட்டை வைத்துக் கடையில் ஹார்மோன் மாத்திரை வாங்கி, போக்கை "நிறுத்தி" இருக்கிறீர்கள். அதுவும் மூன்று தடவை! நின்றது ரத்தம் மட்டும்தான், காரணம் அப்படியே இருக்கிறது. மாத்திரையை விட்டதும் மறுபடி கொட்டியதே, அது அந்த மருந்தின் இயல்பு. கர்ப்பமா என்று பார்க்காமல், ரத்தக்கட்டு ஆபத்து உண்டா என்று கேட்காமல் ஹார்மோனைக் கடைக்காரர் கையிலிருந்து வாங்கி விழுங்குவது எனக்குக் கோபம் வரவழைக்கும் பழக்கம். அதே மருந்தையே உங்கள் மருத்துவர் எழுதித் தரலாம். ஆனால் எத்தனை நாள், எதற்காக என்று தெரிந்து தருவார். நீங்கள் முன்பு சாப்பிட்டதை அவரிடம் மறைக்காதீர்கள்.

"இவ்வளவு உடம்பு இருக்கிறது, ரத்தம் இல்லையா?" என்று வீட்டில் கேலி செய்கிறார்களாம். உடம்பில் கொழுப்பு ஏறுவதும் இரும்பு சேர்வதும் வேறு வேறு கணக்கு. உண்மையில் எடை மிகுந்தவர்களுக்கு இரும்பு ஏறுவதே கஷ்டம். கொழுப்பு கூடும்போது உடலில் மெல்லிய அழற்சி (இன்ஃப்ளமேஷன்) ஒன்று ஓயாமல் இருந்துகொண்டிருக்கும். அதனால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது குடலில் இரும்பு உள்ளே நுழையும் கதவைப் பூட்டிவிடும். சாப்பிட்டதில் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும்.

ஃபெரிட்டின் 42 என்று பார்த்து "இரும்பு நார்மல்" என்று லேபில் சொன்னதும் இதனால்தான் தப்பாகப் போகிறது. ஃபெரிட்டின் இரும்பின் கையிருப்பைக் காட்டும், அழற்சி இருந்தாலும் ஏறிக்கொள்ளும். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சிஆர்பி உங்களுக்கு 16, இயல்பைவிட அதிகம். அழற்சி இருக்கும்போது 70-க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எனவே 42 உங்களுக்கு நார்மல் அல்ல. சந்தேகம் இருந்தால் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரும்பு மாத்திரையை இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டீர்கள். மலம் கறுத்தது ஒரு காரணம், "இரும்பு மாத்திரை எடை கூட்டும்" என்று யாரோ வீடியோவில் சொன்னது இன்னொன்று. கறுப்பது மாத்திரையால்தான், அதை விட்டுத்தள்ளுங்கள். எடை கூட்டும் என்பது சுத்தப் புரளி. மலச்சிக்கலும் வயிற்று எரிச்சலும் மட்டும் உண்மையான தொல்லை, அதற்கும் வழி இருக்கிறது: ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வேளை மட்டும். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் ஏறி ஏறக்குறைய ஒரு நாள் அப்படியே நிற்கும். அதனால் தினம் இரண்டு வேளை திணித்தால் பலன் கூடாது, வயிறுதான் கெடும். காபி, டீ, கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மருந்து இவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள். ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் ஊசி வழியாக இரும்பு ஏற்றலாம், குடலின் கதவு அங்கே பிரச்சினை இல்லை. அளவு சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடருங்கள், கையிருப்பு நிரம்ப வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் மாத்திரையை எட்டாத இடத்தில் வையுங்கள். ஐந்தாறு மாத்திரைகூட குழந்தைக்கு விஷமாகலாம்.

முடி, நகம், ஐஸ்கட்டி மெல்லும் ஆசை மூன்றும் இரும்பு ஏறினால் பெரும்பாலும் சரியாகும். முடிக்குத்தான் பல மாதம் பிடிக்கும், அதற்காகத் தனி மருந்து, எண்ணெய் என்று காசைக் கரைக்க வேண்டாம். எடைக்காக ஒருவேளை மட்டும் சாப்பிட்டு, மற்ற வேளைகளில் பவுடர் கலக்கிக் குடிக்கிறீர்களே, அதை இன்றே நிறுத்துங்கள். 9.1 ஹீமோகுளோபினோடு பட்டினி கிடந்தால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும்.

போக்கு இருக்கும் நாள்களில் தலைசுற்றி விழுந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தொடர்ந்து இரண்டு மணி நேரம் மணிக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, அப்பாயிண்ட்மென்ட் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது குழந்தை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முடியும். எடையில் 5 சதவீதம், அதாவது நாலரை கிலோ போல, மெதுவாகக் குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்குகிறது. ஆனால் உட்சவ்வின் ரிசல்ட் வந்து, ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட பிறகு முயற்சி செய்யுங்கள். இந்த ஆசையை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர் தேர்ந்தெடுக்கும் சிகிச்சை அதைப் பொறுத்து மாறும். ஃபோலிக் அமிலம் எவ்வளவு, எப்போது தொடங்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.