இம்ப்ளான்ட் வைத்த பக்கம் மெல்லப் பயமாக இருக்கிறதா?

அப்பாவுக்குக் கீழே இரண்டு கடைவாய்ப்பல் இம்ப்ளான்ட் (பல் போன இடத்தில் எலும்பில் பதிக்கிற டைட்டானியம் வேர்) வைத்து, அதன் மேல் பல் வடிவக் கேப்பும் போட்டு முடிந்துவிட்டது, இன்னும் அந்தப் பக்கம் மெல்லப் பயப்படுகிறார், கறியும் முறுக்கும் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே இடத்தில், இடப்பக்கம் கீழே, இரண்டு இம்ப்ளான்ட் இருக்கிறது. கறி தாராளமாகச் சாப்பிடலாம். முறுக்கைப் பார்த்துச் சாப்பிடலாம். எலும்பு கடிப்பதும் பாக்கு உடைப்பதும் வேண்டவே வேண்டாம். ஆனால் அவருடைய பயம் போக வேண்டுமென்றால், அந்தப் பல்லால் மெல்லுவது ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பது அவருக்குப் புரிய வேண்டும்.

சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர்கூட இருக்காத ஒரு சவ்வு உண்டு. கடிக்கிற அழுத்தத்தை மெத்தை மாதிரி வாங்கிக்கொள்வது அதுதான். எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று மூளைக்குச் சொல்வதும் பெரும்பாலும் அதிலுள்ள நரம்புகள்தான். சோற்றில் கல் பட்டதும் யோசிப்பதற்கு முன்பே வாய் திறந்துகொள்கிறதே, அந்தச் செய்தி அங்கிருந்துதான் போகிறது. பல்லைப் பிடுங்கினால் அந்தச் சவ்வும் போய்விடும். இம்ப்ளான்டின் டைட்டானியம் நேராக எலும்போடு ஒட்டிக்கொள்கிறது, நடுவில் எதுவும் கிடையாது. மேலும் கீழும் சொந்தப் பல் இருந்தால், இடையில் 20 மைக்ரான் தடிமனில் ஏதாவது இருந்தாலே தெரிந்துவிடும். அது தலைமுடியைவிட மெல்லியது. ஒரு பக்கம் இம்ப்ளான்ட் என்றால் சுமார் 50 மைக்ரான் இருந்தால்தான் தெரிகிறது. கேப் போட்ட புதிதில் அந்த இடமே நம்முடையது இல்லை என்று தோன்றுவது இதனால்தான். பல் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லுங்கள். எங்கே படுகிறது என்று பார்க்க நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி டாக்டர் கேப்பை உரசிச் சரிசெய்திருப்பார். அழுத்திக் கடிக்கும்போது சொந்தப் பற்கள் துளி அளவு உள்ளே அமுங்கும், இம்ப்ளான்ட் அமுங்காது. அதனால் அந்த கேப் லேசாகக் கடித்தால் படாமலும் நன்றாகக் கடித்தால் மட்டும் படுகிற மாதிரியும் பலர் வைப்பார்கள். "எதிர்ப்பல்லில் படவே இல்லை" என்று நினைத்துக்கொண்டு சிலர் வேண்டுமென்றே இறுக்கிக் கடித்துப் பார்ப்பதுண்டு. அது கூடாது. "தெரியலைன்னு அழுத்திக் கடிக்காதீங்கம்மா, சாப்பிடச் சாப்பிடப் பழகிடும்" என்று என் டாக்டர் சொன்னார். அப்படித்தான் ஆயிற்று. சவ்வு இல்லாவிட்டாலும் எலும்பு, தாடைத் தசை, மூட்டு இவற்றின் வழியாக ஒரு உணர்வு மெதுவாக வந்துவிடுகிறது.

பழகுவதில் பெரிய சிக்கல் நாக்குதான். பல் இல்லாமல் வருஷக்கணக்கில் இருந்திருப்பார், ஒரு பக்கமாகவே மென்றிருப்பார். வாயில் போட்டவுடன் நாக்கு சோற்றை அந்தப் பழைய பக்கத்துக்கே தள்ளும். இட்லியிலும் குழைந்த சாதத்திலும் இது தெரியாது, மெல்லாமலே இறங்கிவிடும். நான் சப்பாத்தியில் ஆரம்பித்தேன். சின்னத் துண்டாகப் பிய்த்து, முதல் வாய் இம்ப்ளான்ட் பக்கம், அடுத்த வாய் மறுபக்கம். அப்புறம் பீன்ஸ், கேரட் பொரியல், கொண்டைக்கடலைச் சுண்டல், கடைசியில்தான் மட்டன். குக்கரில் நன்றாக வெந்த மட்டனாக, நாருக்குக் குறுக்கே நறுக்கியதாக இருந்தால் நல்லது. சும்மா கிடந்த பக்கத்துத் தாடைத் தசை முதலில் சீக்கிரம் களைத்துப்போகும், கன்னத்தில் லேசாக வலிக்கும். அது போய்விடும். ஈறிலோ எலும்பிலோ வலி என்றால் மட்டும் காட்ட வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுவதை அந்தக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்லுங்கள், கவனம் வாயில் இருக்க வேண்டும். பயந்து ஒரே பக்கமாக மென்றுகொண்டிருந்தால் அந்தப் பக்கத்துப் பற்களுக்கு இரட்டிப்பு வேலை. அவையும் வயசான பற்கள்தானே.

முறுக்கு, தட்டை என்றால் கையால் உடைத்துச் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம். சீடை வேண்டாம். கடலைமிட்டாய் கோவில்பட்டியிலிருந்தே வந்தாலும், கடினமாகவும் இருக்கிறது, ஒட்டவும் செய்கிறது, பொடித்துக் கொடுங்கள். கரும்பைச் சாறாகக் குடிக்கட்டும். கொட்டைப்பாக்கும் நல்லி எலும்பும்தான் உண்மையான எதிரிகள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் கை தானாக வெற்றிலைத் தட்டுக்குப் போகும், அதனால் அழுத்தியே சொல்கிறேன். அந்த அழுத்தத்தில் இம்ப்ளான்ட் உடைவது அபூர்வம். மேலே உள்ள பீங்கான் சில்லாகப் பெயரும், அல்லது கேப்பைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூ தளரும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம் இருந்தாலும் இதே கதைதான், அதற்கு இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்கிற உறை, நைட் கார்டு, செய்து தருவார்கள்.

சாப்பிட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொந்தப் பற்கள் வாழ்நாள் முழுக்க மெல்ல மெல்ல முன்னால் நகர்கின்றன, இம்ப்ளான்ட் நகராது. அதனால் கொஞ்ச காலம் கழித்து கேப்புக்கும் அதற்கு முன்னால் இருக்கிற பல்லுக்கும் நடுவில் சின்னச் சந்து விழலாம். கீரை, மாம்பழ நார், கறி எல்லாம் போய் உட்காரும் இடம் அது. குச்சி, ஊக்கு எதையும் உள்ளே விடக் கூடாது. இம்ப்ளான்டைச் சுற்றி ஈறின் பிடிப்பு சொந்தப் பல்லில் இருக்கிற அளவுக்கு இருக்காது. இம்ப்ளான்டில் சொத்தை வராது, உண்மைதான், ஆனால் அழுக்கு தங்கினால் ஈறு வீங்கி, உள்ளே எலும்பு கரையும், பல நேரம் வலிகூட இருக்காது. மெடிக்கல் ஷாப்பில் பல் சந்தில் விட்டுத் தேய்க்கிற சின்ன பிரஷ், இன்டர்டென்டல் பிரஷ், கிடைக்கும். சந்துக்கு எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். தினமும் ராத்திரி அது ஒரு நிமிஷ வேலை.

இதைப் படிப்பவர்களில் இப்போதுதான் இம்ப்ளான்ட் வைத்தவர்கள் இருந்தால்: முதல் நாள் சூடு வேண்டாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம், அப்புறம் டாக்டர் சொல்கிற வரை கஞ்சி, இடியாப்பம், ரசம் சாதம் என்று மறுபக்கமே. ஒரு வாரத்தில் வலி போய்விடும், ஆனால் வைத்தபோது இருந்த பிடி முதல் சில வாரங்களில் குறைந்து, புது எலும்பு வளர்ந்த பிறகுதான் மறுபடி கூடும். வலி இல்லை என்று மூன்றாவது வாரத்தில் வறுத்த கடலைக்குப் போகாதீர்கள். முழுதாக ஒட்ட கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேலே இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இந்த முறையில் முதன்முதலில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட கோஸ்டா லார்சனைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். 1965ல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற டாக்டர் வைத்தார். லார்சன் 2006ல் இறக்கும் வரை, 40 வருஷத்துக்கு மேல், அவற்றை வைத்துத்தான் சாப்பிட்டார்.

மெல்லும்போது ஏதோ ஆடுகிற மாதிரி இருந்தால் அந்தப் பக்கம் மெல்லுவதை உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேப்பைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இறுக்கினால் சரியாகிவிடும். தள்ளிப்போட்டால் அதே ஸ்க்ரூ உடையக்கூடும், உடைந்ததை எடுப்பது பெரிய வேலை. சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். புகையிலையோ சிகரெட்டோ இருந்தால், கறியையும் முறுக்கையும் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் அதை நிறுத்த வேண்டும்.