ட்ரோன்கள் வந்துவிட்ட பிறகு டாங்க், பீரங்கி, காலாட்படை எல்லாம் காலாவதி ஆகிவிட்டனவா?

கேட்டவர் அநேகமாகப் பேச்சுப் போட்டிக்கோ தேர்வுக்கோ தயாராகிக்கொண்டிருக்கும் மாணவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கம் வராத ராத்திரியில் ஒரு நிமிட வீடியோக்களாக ஓடவிட்டுப் பார்த்தவர். கையகல ட்ரோன் ஒன்று இறங்குகிறது, டாங்க் எரிகிறது, பின்னணியில் இசை. அதைப் பார்த்தால் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். ஆனால் குறிவரைக்கும் போய்ச் சேராத ட்ரோனின் வீடியோவை யாரும் பதிவேற்றுவதில்லை. போய்ச் சேராதவைதான் அதிகம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அதிகாரியாக இருந்தவன் இல்லை, வியூகம் வகுத்தவனும் இல்லை. ராணுவத்தில் தகவல் தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் சிக்னல்ஸ் பிரிவில், காதில் ஹெட்போனோடு காலம் தள்ளியவன். "இவர் என்ன பெரிய ஜெனரலா?" என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே பதில்: இல்லை. ஆனால் ஒரு ட்ரோனில் இருந்து வெடிகுண்டையும் மோட்டாரையும் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது வயர்லெஸ் செட். அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

பணியில் இருந்தபோது ஒரு பெரிய போர்ப் பயிற்சி நடந்தது. இரண்டு தரப்பாகப் பிரிந்து மோதுவோம். யார் செத்தார், யார் பிழைத்தார் என்று அம்பயர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். எதிர்த்தரப்பின் பிரிகேட் தலைமையகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விமானம் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. உருமறைப்பு வலை கட்டி, வண்டிச் சக்கரத் தடத்தைக்கூட மரக்கிளையை இழுத்து அழித்திருந்தார்கள்.

நாங்கள் மூன்று இடங்களில் திசை காணும் செட்டோடு உட்கார்ந்திருந்தோம். யாராவது பேசினால் ஆன்டெனாவைத் திருப்பி, சிக்னல் எத்தனையாவது டிகிரியில் இருந்து வருகிறது என்று குறித்துக்கொள்வோம். அதற்குப் பேரிங் என்று பெயர். மூன்று இடத்துப் பேரிங்கையும் வரைபடத்தில் கோடாக இழுத்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு முக்கோணம் விழும். ஆள் அதற்குள்ளோ, அதை ஒட்டியோ இருப்பான்.

ராத்திரி முழுக்க மௌனம். விடியும் நேரத்தில் ஒரு குரல் வந்தது. சங்கேதத்தில்தான் பேசினார், ஒன்றும் புரியவில்லை. ஆனால் குரலில் எரிச்சல் இருந்தது. பதில் வராததால் திரும்பக் கேட்டார், அப்புறம் இன்னும் சத்தமாகக் கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, நிறுத்தாமல் பேசினால் போதும் என்றிருந்தது. முதல் இரண்டு கோடும் உடனே விழுந்துவிட்டன. மூன்றாவது கோட்டை ஸ்கேல் நழுவாமல் இடது கையால் அழுத்திக்கொண்டு இழுத்தேன். முக்கோணம் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக விழுந்தது. வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிக்கும் கட்ட எண் பீரங்கிப் படைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் ஓர் அம்பயர் ஜீப்பில் போய் இறங்கி, அந்தத் தலைமையகத்தில் இருந்த அத்தனை பேரும் இறந்துவிட்டதாக அறிவித்தார். பயிற்சி முடிந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதர் கேட்டது ஜெனரேட்டருக்கு டீசல்.

அதற்குப் பிறகு நடந்த ஆய்வுக் கூட்டத்தில் பீரங்கிப் படைக்குப் பாராட்டு, கைதட்டல். எங்கள் பெயர் வரவில்லை. பரவாயில்லை, சிக்னல்ஸ் ஆளுக்கு இது பழகிப்போனது. பழகாதது வேறொன்று. வருடக்கணக்கில் ஹெட்போன் இரைச்சலைக் கேட்டதில் வலது காதில் ஒரு 'உய்ங்' சத்தம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஓய்வு பெறும்போது மருத்துவக் குழுவிடம் சொன்னேன். "நீங்கதான் பீரங்கிப் பக்கத்துல நிக்கவே இல்லையே, காது எப்படிப் போகும்?" என்று கேட்டு, வயதின் காரணம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மேல்முறையீடு செய்து, கடிதம் எழுதி, ஒரு பயனும் இல்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பயிற்சியில் செய்ததுதான் இன்று உக்ரைனில் ரத்தத்தோடு நடக்கிறது. 2023 புத்தாண்டு பிறந்த வேளையில் கிழக்கு உக்ரைனில் ரஷ்யாவின் பிடியில் இருந்த மக்கீவ்காவில் ரஷ்யப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின் மீது ராக்கெட்டுகள் விழுந்தன. 89 பேர் இறந்ததாக ரஷ்யாவே ஒப்புக்கொண்டது. வீரர்கள் மொபைல் போன் பயன்படுத்தியதுதான் முக்கியக் காரணம் என்றும் அவர்கள் தரப்பே சொன்னது. தங்கள் மேலதிகாரிகளின் தவறை மறைக்கச் சொன்ன சாக்கு அது என்று ரஷ்யர்களே சிலர் திட்டினார்கள், அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான போன்கள் ஓரிடத்தில் விழித்திருந்தால் என்ன ஆகும் என்று எந்தச் சிக்னல்ஸ்காரனும் சொல்வான்.

வீடியோக்களில் வரும் எஃப்.பி.வி ட்ரோனை ஓட்டுபவர், அதன் கேமரா அனுப்பும் படத்தைக் கண்ணில் மாட்டிய திரைக் கண்ணாடியில் பார்த்துத்தான் ஓட்டுகிறார். படம் பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸில் வருகிறது. இந்த அலைவரிசை மரத்தையும் மேட்டையும் தாண்டி வளைந்து வராது. அதனால் ட்ரோன் குறியை நோக்கித் தாழும்போதே, எந்தக் கடைசி விநாடி முக்கியமோ அந்த விநாடியில், படம் புள்ளி புள்ளியாகிச் சிதறும். இதற்கு மேல் எதிரியின் ஜாமர், அதாவது அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டி சிக்னலைக் கெடுக்கும் கருவி. டாங்க் மீது ஒன்று, ஜீப் மீது ஒன்று, பதுங்குகுழியில் ஒன்று. இவர்கள் அலைவரிசையை மாற்றுவார்கள், அவர்கள் ஜாமரை மாற்றுவார்கள். சில வாரத்துக்கு ஒரு முறை இந்தக் கண்ணாமூச்சி புதிதாகத் தொடங்கும்.

ஜாமிங் ட்ரோனோடு நிற்கவில்லை. ஜி.பி.எஸ். பார்த்துப் போய் விழும் எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டு முதலில் அற்புதமாக வேலை செய்தது. ரஷ்யாவின் ஜாமிங் வலுத்ததும் குறி தவறத் தொடங்கி, உக்ரைன் அதன் பயன்பாட்டையே குறைத்துக்கொண்டது. இதெல்லாம் புதுமை என்று நினைத்தால், 1904 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். ரஷ்ய-ஜப்பானியப் போரில், ரஷ்யாவின் கையில் இருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்தைத் தாக்கிய ஜப்பானியப் போர்க்கப்பல்கள், குண்டு எங்கே விழுகிறது என்பதை வயர்லெஸ்ஸில் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தன. ரஷ்ய ஆபரேட்டர்கள் அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பி அந்தப் பேச்சைக் கெடுத்தார்கள்.

ஜாமருக்கு மாற்று என்ன? கம்பி. 2024 முதல் இரண்டு தரப்பும் ஃபைபர் கேபிள் சுருளோடு ட்ரோன்களை அனுப்புகின்றன. பத்து, இருபது கிலோமீட்டர் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடி இழை, ட்ரோன் போகப் போகப் பின்னால் அவிழ்ந்துகொண்டே வரும். ரேடியோவே இல்லாதபோது எதை ஜாம் செய்வது? என்னைப் போன்றவன் பேரிங் எடுக்கவும் வழியில்லை. உக்ரைன் படை புகுந்திருந்த ரஷ்ய எல்லைப் பகுதியான குர்ஸ்க்கில் உக்ரைனியரின் சப்ளை சாலையை ரஷ்யா நெரித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் சுருளுக்கு எடை உண்டு, அந்த எடைக்கு வெடிமருந்தைக் குறைக்க வேண்டும், இழை மரத்தில் சிக்கும். பதிலுக்கு, ட்ரோனைத் தடுக்கச் சாலையின் மேலேயே கிலோமீட்டர் கணக்கில் மீன்பிடி வலை கட்டினார்கள்.

இப்போது டாங்க். "டாங்க் செத்தது" என்ற மரண அறிவிப்பை உலகம் 1973லேயே எழுதிவிட்டது. இஸ்ரேலோடு நடந்த அக்டோபர் போரில் எகிப்தியக் காலாட்படை சாகர் என்ற டாங்க் எதிர்ப்பு ஏவுகணையோடு சினாயில் காத்திருந்தது. அதுவும் பின்னால் கம்பியை இழுத்துக்கொண்டு போவதுதான், ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுவதுதான். காலாட்படைத் துணை இல்லாமல் பாய்ந்த இஸ்ரேல் டாங்குகள் வரிசையாக எரிந்தன. பிறகு என்ன செய்தார்கள்? அந்த ஏவுகணை தூரத்துக் குறியை எட்ட இருபது விநாடிக்கு மேல் ஆகும், அதுவரை ஓட்டுபவன் குறியிலிருந்து கண்ணெடுக்க முடியாது. அவன் இருக்கும் பக்கமே சுட்டுத் தலையைக் குனிய வைத்தார்கள், டாங்கோடு காலாட்படையையும் மார்ட்டாரையும் சேர்த்து அனுப்பினார்கள். டாங்க் பிழைத்துக்கொண்டது.

இந்த முறையும் அப்படியே பிழைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். முன்வரிசையில் டாங்குகள் கூட்டமாக வருவது இன்று தற்கொலைதான். ஆனால் 2023 ஜூனில் தெற்கே சபரீஷியாப் பக்கம் உக்ரைனின் லெப்பர்டு டாங்குகளையும் பிராட்லி கவச வண்டிகளையும் முதலில் நிறுத்தியது எது? கண்ணிவெடி. மண்ணுக்குள் புதைத்த பழைய சரக்கு. சிக்கி நின்றவற்றை ஹெலிகாப்டரும் பீரங்கியும் ட்ரோனும் பங்கு போட்டுக்கொண்டன. பீரங்கி காலாவதி என்றால், ஐரோப்பிய ஒன்றியம் 2024 மார்ச்சுக்குள் உக்ரைனுக்குப் பத்து லட்சம் குண்டு தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, பாதியளவுதான் தர முடிந்து முழித்தது ஏன்? பிடித்த கிராமத்தில் உட்கார்ந்திருக்க இன்றும் ஆள்தான் வேண்டும். பாவம், அவன்தான் பள்ளத்தில் கிடக்கிறான்.

அதற்காக ட்ரோனை நான் மட்டம் தட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஜூன் 1 அன்று லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோன ட்ரோன்களை ரஷ்யாவுக்குள்ளேயே கிளப்பி, உக்ரைன் குண்டுவீச்சு விமானங்களை எரித்தது. 117 ட்ரோன்கள் என்று ஜெலன்ஸ்கி சொன்னார். அவற்றை இயக்கியது ரஷ்யாவின் மொபைல் நெட்வொர்க் வழியாகவே. எதிரியின் டவரையே எதிரிக்கு எதிராகத் திருப்பியிருக்கிறார்கள். அன்று முழுக்க என் பழைய சகாக்களோடு போனில் இதே பேச்சுதான்.

"ஏ.ஐ. வந்துவிட்டால் சிக்னலே தேவையில்லையே" என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். ஓரளவு வந்தேவிட்டது. குறியைப் பூட்டிவிட்டால் கடைசிச் சில நூறு மீட்டரைத் தானே பறந்து முடிக்கும் ட்ரோன்கள் களத்தில் இருக்கின்றன. ஆனால் எதைப் பூட்டுவது? 2022ல் உக்ரைன் மரத்தால் செய்த ஹைமார்ஸ் ராக்கெட் ஏவு வண்டிப் பொம்மைகளை ரஷ்ய ட்ரோன்கள் மேலிருந்து பார்த்து நிஜம் என்று நம்பின, ரஷ்யாவின் காலிபர் ஏவுகணைகள் வந்து அந்தப் பலகைகளைப் பொடியாக்கின. மனிதக் கண்ணே ஏமாந்த இடம் அது.

டாங்க் பற்றி நான் எழுதியதில் குறை இருந்தால் டாங்க் படையில் இருந்த நண்பர் ஒருவரைப் பதில் எழுதச் சொல்கிறேன். அவர் எப்படியும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்.