வேதம் நம் வீட்டில் எங்கே இருக்கிறது? கேள்விகளும் பதில்களும்

நான் போதகர் அல்லேன். சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையில் முப்பது ஆண்டுகளாக, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பை நடத்திவருகிறேன். வேதத்தைப் பற்றியும் அதை அன்றாடம் வாசிப்பதைப் பற்றியும் கேட்க விரும்புவதை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு என்னால் இயன்ற அளவு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டையாகக் கிடைத்தது. அந்த ஆண்டிலேயே என் வேலை போனது. வசனம் பொய்த்துவிட்டதா? (தெம்பனிஸ்)

பொய்க்கவில்லை, தம்பி. ஆனால் அந்த அட்டையில் ஒரு கடிதத்தின் ஒரே ஒரு வரிதான் இருந்தது. எரேமியா 29ஆம் அதிகாரம், எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். அவர்கள் நடுவே தீர்க்கதரிசிகள் என்று சொல்லிக்கொண்டு, விரைவில் ஊர் திரும்பிவிடலாம் என்று நம்பிக்கை ஊட்டியவர்கள் இருந்தார்கள். அதற்கு மாறாகக் கர்த்தர் சொன்னது, வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்பதே. 10ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதை அடுத்துத்தான், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வாக்கு வருகிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்பும் நாளைக் காணாமலே கண்மூடியிருப்பார்கள். ஆனாலும் வாக்கு அவர்களுக்கும் உரியதாகவே இருந்தது.

எனவே உங்கள் அட்டை, இந்த ஆண்டு வேலை நிலைக்கும் என்று சொல்லவில்லை. வேலை போன பிறகும், வாடகை கொடுக்கத் திணறும் மாதத்திலும், தேவன் உங்களைப் பற்றி நினைத்திருப்பது தீமை அல்ல என்று அது சொல்கிறது. அட்டை கொடுக்கும் வழக்கத்தை நான் குறை கூறவில்லை. என் தாயார் தமக்குக் கிடைத்த அட்டைகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். அட்டை வந்த அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். சோர்ந்திருக்கும் இந்த நேரத்திலும் அது உதவும்.

கேள்வி: என் மகள் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இக்காகப் பென்சில் பெட்டியின் மூடியில் பிலிப்பியர் 4:13 எழுதி ஒட்டியிருக்கிறாள். இது தவறா? (பொங்கோல்)

தவறே இல்லை. ஆனால் தேர்வுக்கு முந்தைய நாள் அவளோடு உட்கார்ந்து 11, 12ஆம் வசனங்களையும் வாசியுங்கள். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று பவுல் எழுதுகிறார். அதை அவர் காவலில் இருந்தபோது எழுதினார். "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதில் உள்ள "எல்லாம்", நிறைவாயிருப்பது, குறைவுபடுவது ஆகிய இரண்டையும் சேர்த்தது. எதிர்பார்த்த மதிப்பெண் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வசனம் அவளுடையதே என்பதை முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே அவள் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை, வசனம் தன்னைக் கைவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிடும். அப்படி வந்த ஒரு பையனை எங்கள் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவன் மறுபடி வேதத்தைத் திறக்கப் பல ஆண்டுகள் ஆயின.

கேள்வி: கெட்ட கனவு வராமலிருக்க வேதாகமத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறேன். சரிதானே? (அங் மோ கியோ)

புத்தகத்துக்கு அப்படி ஒரு சக்தி இருப்பதாக வேதமே எங்கும் சொல்லவில்லை, அம்மா. படுக்கப் போகும்முன் 4ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசித்துவிட்டு, பிறகு புத்தகத்தை மேசையில் வையுங்கள். எட்டே வசனங்கள்தாம், கடைசி வசனம் தூக்கத்தைப் பற்றியதுதான்.

கேள்வி: பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமம் புரியவில்லை, ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறார்கள். குடும்ப ஜெபத்தை எந்த மொழியில் நடத்துவது? (சுவா சூ காங்)

இந்தக் கேள்வியைப் படித்து நெடுநேரம் யோசித்தேன், ஏனென்றால் இது என் வீட்டுக் கேள்வியும்கூட. நாம் பெரும்பாலும் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, பவர் ஐயர் என்ற மிஷனரியின் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் நிறைவடைந்தது. அதற்கும் முன்னால், 1715இல், தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டுவிட்டார். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு நம் மொழியில் வந்தது. அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் சொற்கள் காலத்தோடு நகர்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. என் பேரன், "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்பதை மனப்பாடமாகச் சொல்வான். பொருள் கேட்டேன். "யாரும் என்னைக் கீழே தள்ள முடியாது" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழில் தாழ்ச்சி என்றால் தாழ்ந்துபோவது. பழைய தமிழில் அது குறைவு, இல்லாமை. மூலத்தில் உள்ள எபிரெயச் சொல்லின் பொருளும் அதுவே. கத்தோலிக்கச் சபையாரும் பிறரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு இதையே, "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்கிறது. இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். வெற்றி வாசகமாக எண்ணியிருந்த வரி, சாப்பாட்டையும் தண்ணீரையும் பற்றியதாகிவிட்டது. அதன்பின் "புல்லுள்ள இடங்களில்" என்பதும் "அமர்ந்த தண்ணீர்கள்" என்பதும் அவனுக்குத் தாமாகவே விளங்கின.

எங்கள் வீட்டில் இப்போது ஒருவர் தமிழில் ஒரு பத்தி வாசிக்கிறார், பிள்ளைகள் அதையே ஆங்கிலத்தில் வாசிக்கிறார்கள், பிறகு வித்தியாசமாகத் தோன்றிய ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறோம். பத்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை. உபாகமம் 6:7 பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவைகளைக் குறித்துப் பேசும்படியே சொல்கிறது. பேசுவதற்கு அவர்களுக்கு எந்த மொழி வருகிறதோ அந்த மொழியில் பேசலாம். தமிழைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் குடும்ப ஜெபத்தின் தலையில் ஏற்றினால் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே வெறுத்துவிடுவார்கள்.

கேள்வி: என் தோழியை அவள் கணவர் அடிக்கிறார். "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்தைச் சொல்லிப் பொறுத்துப்போகும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். வேதம் அப்படித்தான் சொல்கிறதா? (பெயரும் ஊரும் வேண்டாம்)

இல்லை. எபேசியர் 5:22ஐச் சொல்கிறவர்கள் 21இலிருந்து தொடங்கட்டும். அங்கே "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது. பிறகு 25க்கு வரட்டும். கிறிஸ்து சபைக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்ததுபோலக் கணவன் மனைவியில் அன்புகூர வேண்டும் என்று இருக்கிறது. 29ஆம் வசனம், தன் சொந்த மாம்சத்தை ஒருவனும் பகைத்ததில்லை, அதைப் போஷித்துக் காப்பாற்றுகிறான் என்கிறது. கணவர்களுக்குச் சொல்லப்பட்டது மனைவிகளுக்குச் சொல்லப்பட்டதைவிட நீளமானது என்பதை எண்ணிப்பார்த்தாலே தெரியும். இயேசுவைச் சோதித்தபோது சாத்தானும் 91ஆம் சங்கீதத்தை எடுத்துக்காட்டினான். ஒரு வசனம் வேதத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதாலேயே அதைப் பயன்படுத்தும் விதம் சரியாகிவிடாது.

உங்கள் தோழிக்கு உடனே தேவைப்படுவது பாதுகாப்பு. அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்துக்கு அவரோடு நீங்களும் போங்கள். நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்பது எப்படி என்று அங்கே விளக்குவார்கள். ஆபத்து நேரத்தில் காவல்துறையை 999இல் அழையுங்கள். இதைச் செய்வது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பவுல் தம்மை வாரினால் அடிக்க இருந்தபோது ரோமக் குடிமகனுக்குரிய சட்ட உரிமையைக் கேட்டார் என்று அப்போஸ்தலர் 22ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: என் மனைவி கத்தோலிக்கர். அவருடைய விவிலியத்தில் 73 நூல்கள், என்னுடையதில் 66. எதை நம்புவது? (செங்காங்)

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இருவருக்கும் ஒன்றே. வேறுபாடு தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலான பழைய ஏற்பாட்டு நூல்கள் ஏழில் இருக்கிறது. அவை வேதமா என்பதில் நம் சபைகள் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒத்துப்போகவில்லை. அதை உங்கள் சாப்பாட்டு மேசையில் தீர்க்க வேண்டியதில்லை. கத்தோலிக்கச் சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் விசுவாசிகள் எல்லாரும் வேதத்தை அடிக்கடி வாசிக்கும்படி வலியுறுத்தியது. லூக்காவை இருவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. வேதத்தைத் திறந்தால் எல்லாம் வெறும் எழுத்தாக இருக்கிறது. "சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது. (உட்லண்ட்ஸ்)

அம்மா, 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் முடியுமுன் எங்கேயாவது ஒரு துதியை நோக்கித் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் தூரமாய்ப் போனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லின் பொருள் இருள். இதை எழுதியவரை விசுவாசமில்லாதவர் என்று யாரும் நீக்கிவிடவில்லை. அதைச் சேர்த்துவைத்தார்கள், தேவாலயத்தில் பாடினார்கள், நம் கைவரை கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஜெபமும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அவரை நோக்கித்தான் தொடங்குகிறது.

உங்களுக்கு இப்போது வாசிக்க முடியாவிட்டால், மற்றவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருங்கள். சபையில் யாராவது ஒரு சகோதரியை வாரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வரச்சொல்லி, விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டுப் போகும்படி கேளுங்கள். வேதம் எழுதப்பட்ட காலத்தில் பெரும்பாலான மக்கள் அதைக் காதால் கேட்டே அறிந்தார்கள். தனியாக உட்கார்ந்து கண்ணால் வாசிப்பதுதான் பக்தி என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்தது. உங்கள் கோபத்தையும் அவரிடமே சொல்லுங்கள். சங்கீதக்காரர் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: நான் துவாஸ் பக்கம் தங்குவிடுதியில் இருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு லாரி, இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறேன். ஒரே ஆண்டில் வேதம் முழுவதும் வாசிக்க வேண்டும் என்று போதகர் சொன்னார். முடியவில்லை, குற்ற உணர்வாக இருக்கிறது. (திருநெல்வேலிக்காரன்)

மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரே ஆண்டில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கும் மேல் வாசிக்க வேண்டும். நல்ல பழக்கம்தான், ஆனால் அது கட்டளை அல்ல, தம்பி. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ஓடும் இரதத்தில் ஏசாயாவில் ஒரே ஒரு பகுதியை வாசித்துக்கொண்டிருந்தார். "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று பிலிப்பு கேட்டதற்கு, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்றார். எத்தனை அதிகாரம் முடித்தீர் என்று பிலிப்பு கேட்கவில்லை. இரதத்தில் ஏறி அவரோடு உட்கார்ந்து, அதே பகுதியிலிருந்து இயேசுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

உங்கள் கைபேசியில் தமிழ் ஒலி வேதாகமம் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். லாரியில் போகும்போது நாளுக்கு ஒன்று கேட்டால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். அதில் ஒரு வசனத்தை மட்டும் அன்றைக்கு மனதில் வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவே நினைத்துப் பாருங்கள். விடுதியில் உங்களோடு வாசிக்க இன்னொருவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். புரியாததை எழுதிவைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும் ஞாயிறு எங்கள் வகுப்புக்கு வாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குகிறோம், மதியச் சாப்பாடும் உண்டு.