57 வயதில் மறுபடியும் சைக்கிள்: முதலில் இறங்கப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது, கும்பகோணத்தில் இருக்கிறேன். பள்ளி நாட்களில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். திருமணத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொட்டதில்லை. இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டேன். காலையில் அரை மணி நேரம் ஓட்டவும், கடைத்தெருவுக்குப் போய்வரவும் ஆசை. உயரம் ஐந்தடி. முழங்காலில் லேசான வலி உண்டு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் 21 கியர் சைக்கிள் ஒன்றை ஆன்லைனில் 15,000 ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன் என்கிறான். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. எதை வைத்து ஆரம்பிப்பது? ஹெல்மெட், ஜெல் சீட் எல்லாம் தேவையா? "இந்த வயதில் விழுந்தால் எலும்பு கூடாது" என்று கணவர் பயப்படுகிறார்.

பதில்: உங்கள் கணவரின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது நியாயமான பயம். இருபத்தெட்டு ஆண்டுகளாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் மறுபடி ஓட்டத் தொடங்கியவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு விஷயம் மனப்பாடமாகிவிட்டது. வேகமாகப் போகும்போது விழுபவர்கள் குறைவு. நிறுத்தும்போது, அல்லது நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் விழுகிறார்கள். சைக்கிள் நின்றுவிடும், கால் தரைக்கு எட்டாது, அல்லது பின்பக்கமாகத் தூக்க வேண்டிய கால் பாரில் தட்டும். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, கையை ஊன்றி, மணிக்கட்டில் அடி.

ஆகவே உங்களுக்கான சைக்கிளை நான் ஒரே அளவுகோலால் தேர்ந்தெடுப்பேன்: பதறாமல் இறங்க முடிகிறதா? கியர், சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த வகையில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் சைக்கிள் ஒன்றும் மோசமில்லை. மாணவிகளுக்குக் கொடுத்த மிதிவண்டியில் நடுவே குறுக்குப் பார் இருக்காது. சட்டம் தாழ்வாக வளைந்து இறங்கியிருக்கும். உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் வேண்டிய அமைப்பு அதுதான். காலைப் பின்னால் வீசித் தூக்க வேண்டியதில்லை, முன்பக்கமாகவே எடுத்து வைத்து ஏறலாம், இறங்கலாம். சீட்டை அடிவரை இறக்கி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்தால் அந்த வண்டி உங்களுக்குப் போதும். பதியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வீட்டிலேயே இருக்கிறது என்பதற்காக உயரமான சைக்கிளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

உயரம் சரியாக இருந்தால் கடையில் கொடுத்து முழுதாகப் பிரித்துப் பூட்டச் சொல்லுங்கள். கடைகளில் இதை 'ஓவராயில்' என்பார்கள். எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 'ஓவர்ஹால்' நம் ஊர் வாயில் அப்படி ஆகிவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் நின்ற வண்டியில் டயர், டியூப், பிரேக் கட்டை மூன்றும் ரப்பர். மூன்றும் இறுகி வெடித்திருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பிரேக் கேபிளையும் மாற்றுங்கள். சக்கரத்தில் கோட்டம் எடுத்து, பேரிங்கில் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் இதை ஓட்டுங்கள். மகனின் 15,000 ரூபாய் அதுவரை வங்கியிலேயே இருக்கட்டும். இரண்டு மாதத்தில் உங்களுக்கு என்ன தேவை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும்.

சைக்கிள் விட்டவர்களுக்கு அது மறக்காது என்பார்கள். பாதி உண்மை. சமநிலை மறக்காதுதான்; ஆனால் பதினாறு வயதில் ஓடிக்கொண்டே தாவி ஏறிய உடம்பு இப்போது இல்லை. முதல் வாரம் பெடல்களைக் கழற்றிவிடுங்கள். 15 எம்எம் ஸ்பானர் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இடது பெடலின் மரை தலைகீழானது. வலது பெடலை வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடது பெடலை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி, பெடல் பூட்டியிருக்கும் இரும்புக் கையான கிராங்கின் மரையையே சிதைத்துக்கொண்டு வருபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

பெடல் இல்லாத சைக்கிளில் உட்கார்ந்து, தரையைக் காலால் உந்தி உந்திப் போங்கள். பள்ளி மைதானம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் விடிகாலையில் ஆளில்லாத தெரு. பத்தடி உருண்டு பிரேக் பிடித்து நிறுத்துங்கள், மறுபடி உருளுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், நீங்களும் சேர்ந்து சிரித்துவிடுங்கள். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய காலத்திலும் சிரித்தவர்கள்தானே. இந்தப் பயிற்சியில் பிரேக் எவ்வளவு பிடித்தால் எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கும் என்ற கணக்கு கைக்கு வந்துவிடும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன்பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தக் கூடாது. உங்கள் விரல்கள் சிறியவை என்றால் பிரேக் பிடி எட்டாமல் தள்ளி நிற்கலாம். பல பிடிகளில் ஹேண்டில்பார் பக்கமாக ஒரு சின்ன திருகு இருக்கும். அதைத் திருகினால் பிடி கைக்கு நெருங்கி வரும். இதைக் கடைக்காரர் தாமாகச் செய்ய மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பெடல் பூட்டிய பிறகு கிளம்பும் முறை இது. இடது காலைத் தரையில் ஊன்றி, வலது பெடலைக் கடிகாரத்தின் இரண்டு மணி நிலைக்குத் தூக்கி வையுங்கள். அதில் அழுத்தி மிதித்தபடியே சீட்டில் அமருங்கள். நிற்கும்போது முதலில் பிரேக், பிறகு சீட்டிலிருந்து முன்னால் நழுவி இடது காலைத் தரையில் வையுங்கள். சாலையில் இடப்பக்கம் போகிறோம். ஓரம் எப்போதும் இடது கால் பக்கம்தான். ஒரு நாளைக்கு இருபது முறையாவது இதைச் செய்யுங்கள். ஓட்டுவது இதற்கு நடுவில் தானாக வந்துவிடும்.

இறங்குவதில் இன்னொரு சிக்கல், பெரும்பாலோர் யோசிக்காதது: மூக்குக்கண்ணாடி. இரட்டைப் பார்வைக் கண்ணாடியோ, படிப்படியாக மாறும் லென்ஸோ போட்டிருந்தால், குனிந்து தரையைப் பார்க்கும்போது படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பீர்கள். தரை மங்கும், தூரம் ஏமாற்றும். தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றை சைக்கிளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெல் சீட்டைவிட இது நூறு மடங்கு பயனுள்ள செலவு.

முழங்கால் வலிக்கு வருகிறேன். இதில் சீட்டின் உயரம்தான் எல்லாம். பயந்துகொண்டு சீட்டைத் தாழ்வாகவே வைத்திருந்தால், ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் விழும். ஆகவே இரண்டு பாதமும் தரையில் பதியும் உயரம் பழகும் நாட்களுக்கு மட்டும். நிறுத்துவதில் நம்பிக்கை வந்ததும் வாரத்துக்கு அரை அங்குலமாக ஏற்றிக்கொண்டே போங்கள். எங்கே நிறுத்துவது? சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கடைசிக் கீழ் நிலைக்குக் கொண்டுபோங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிப்பீர்கள், அப்போது முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும். அந்த நிலையில் தரையில் விரல் நுனிகள்தான் தொடும். அதனால்தான் சீட்டிலிருந்து முன்னால் நழுவி இறங்கும் பழக்கத்தை முதலிலேயே சொன்னேன். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் உயரம். சீட் கம்பியில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது.

மிதிக்கும் வேகமும் முக்கியம். கனமாக, மெதுவாக மிதிப்பதுதான் முட்டியைக் கெடுக்கும். ஒரு முழங்கால் பதினைந்து விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். பதினைந்து முதல் பதினெட்டு வரை இருந்தால் நல்லது.

மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள். ரத்த அழுத்த மாத்திரை சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றலைத் தரும். அப்படி இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். நெஞ்சில் இறுக்கமோ மூச்சடைப்போ வந்தால் இறங்கி உட்காருங்கள், உடனே உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன், சைக்கிள் கடைக்காரன் சொல்லக் கூடாததுதான்: சைக்கிள் இதயத்துக்கும் தசைக்கும் நல்லது, ஆனால் உடலின் எடையை சீட் தாங்கிவிடுவதால் எலும்புக்கு அதில் பெரிய வேலை இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலியும் வயதில் நடையை விட்டுவிடாதீர்கள்.

மற்றப் பொருட்கள் அதிகம் வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம் வாங்குங்கள். சைக்கிளுக்குச் சட்டம் கேட்பதில்லைதான், தலை கேட்கும். பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது, கனம், புழுக்கம். உள்ளே ஈஎன் 1078 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும். பட்டைகள் காதுக்குக் கீழே சேர வேண்டும். கொண்டை போட்டால் ஹெல்மெட் பின்னால் ஏறி நெற்றி திறந்துவிடும், தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. விழும்போது முதலில் தரையில் படுவது உள்ளங்கை என்பதால் அரைவிரல் கையுறை நல்லது. பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, ஒரு மணி, ஒரு பூட்டு. விடிகாலை இருட்டில் உங்கள் கண்ணுக்குச் சாலை தெரிவதைவிட, லாரிக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிவது அவசியம்.

ஜெல் உறை வேண்டாம். உட்கார்ந்தால் மெத்தென்று இருக்கும், ஓட்டினால் நழுவும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்குக் கொஞ்சம் அகலமான சாதாரண சீட்டே போதும். முதல் இரண்டு வாரம் உட்காரும் எலும்பு வலிக்கும், பிறகு பழகிவிடும். சுடிதார் என்றால் வலது கணுக்காலில் ஒரு ரப்பர் பட்டை போடுங்கள், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துவிடுங்கள். சேலையில் ஓட்ட முடியாது என்று யாராவது சொன்னால் புதுக்கோட்டையை நினைவுபடுத்துங்கள். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் பல்லாயிரம் பேர் அங்கே சைக்கிள் கற்றார்கள். சேலையிலேயே ஓட்டினார்கள், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலும் ஓட்டினார்கள். ஆனால் செயின் கவரும், பின்சக்கரத்தில் சேலை சிக்காத தடுப்பும் இருக்க வேண்டும்.

தெருநாய் துரத்தினால் பந்தயம் வைக்காதீர்கள். நிறுத்தி இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலான நாய்களுக்கு ஓடும் சக்கரத்தோடுதான் பகை.

இரண்டு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் புது வண்டிக்குப் போகலாம். 21 கியர் என்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு பல்சக்கரங்களின் பெருக்கல். காவிரிப் படுகையின் சமதளத்தில் உங்களுக்கு வரும் ஏற்றமெல்லாம் பாலங்கள் மட்டுமே. கியரே இல்லாத வண்டியும் போதும். முட்டிக்காக வேண்டுமானால் பின்னால் மட்டும் ஏழு கியர் உள்ளதை வாங்குங்கள், கிளம்பும்போது இலேசான கியர் காலுக்கு இதமாக இருக்கும். மலிவான வண்டிகளில் முன் சஸ்பென்ஷன் என்பது வெறும் எடை. குண்டும் குழியும் தாங்க 1.75 அங்குல அகல டயரே நல்ல சஸ்பென்ஷன், காற்றை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள். காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்று டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். டிஸ்க் பிரேக் வேண்டாம். சக்கர விளிம்பைக் கட்டை பிடிக்கும் சாதாரண ரிம் பிரேக்கை எந்தத் தெருமுனைக் கடையிலும் சரிசெய்வார்கள்.

ஆன்லைன் வேண்டாம் என்பதற்கு என் கடை காரணமில்லை. அந்த வண்டிகள் பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைத் திருப்பிப் பூட்டி, பிரேக் பின்பக்கம் பார்த்தபடி ஒருவர் என்னிடம் ஓட்டிக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும்விட, பெட்டியில் வருவதை ஏறிப் பார்த்து வாங்க முடியாது. மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். தாழ்ந்த சட்டமுள்ள வண்டிகளில் 24 அங்குலச் சக்கரம் ஒன்று, 26 அங்குலம் ஒன்று வெளியே எடுத்துத் தரச் சொல்லி, இரண்டையும் தெருவில் ஓட்டி, பத்துப் பத்து முறை நிறுத்தி இறங்குங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். 15,000 ரூபாயில் 3,000 ரூபாயை ஹெல்மெட், விளக்கு, பூட்டுக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வண்டி வாங்கிய பிறகு அந்தப் பணம் மிஞ்சுவதில்லை.